திரையை அணைத்து வைத்து வேலை பார்த்த எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் முடிகிறது. தலைத்திவசத்துக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவோடு ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கும், வர முடியாமல் இந்த நினைவு மலரைத் தபாலில் வாங்கிப் பிரித்துப் படிக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது தொழில். எனக்குப் பேச வரும், எழுத வராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். "பேசறதை அப்படியே எழுது மாப்ள, எங்க நிறுத்தணும்னு மட்டும் பாத்துக்க" என்று அத்தான் சொன்னார். நிறுத்தத் தெரியாமல் போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது மயிலாடுதுறைக்கு மேற்கே, வீரசோழன் ஆற்றங்கரையில் இருக்கும் நம் ஊரில்தான். அப்பா கோயில் நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அக்கா மூத்தவர். ஏழு வருஷம் கழித்து நான்.

சின்ன வயதிலேயே பொழுது சாய்ந்தால் அக்காவுக்குக் கண் மங்கும். மாலைக்கண் என்று பொன்னாங்கண்ணிக் கீரையும் ஆட்டு ஈரலும் கொடுத்துப் பார்த்தார்கள். கீரை தீர்ந்தது, மங்கல் தீரவில்லை. நானும் அக்காவும் பள்ளிக்கூடம் விட்டு வாய்க்கால் வரப்பு மேலே நடந்து வருவோம். இருட்ட ஆரம்பித்தால் என்னை முன்னால் விட்டு என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்வார். "நீ முன்னாடி போடா. பின்னாடி உன்னைக் காவல் காத்துக்கிட்டு வர்றேன்" என்பார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எனக்கு அக்கா காவல் என்று நடப்பேன். யாருக்கு யார் காவல் என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

பள்ளி இறுதி முடித்ததும் டவுனில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தார். அங்கே வாத்தியாரம்மா பிள்ளைகளின் கைமேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவாராம். "விரலைப் பாக்காதீங்க. விரலுக்கே தெரியும், நீங்க தொந்தரவு பண்ணாதீங்க" என்பாராம். அக்கா வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில்கூடத் தமிழ் டைப்பின் முதல் பாடமான யளனகப தட்டிக்கொண்டிருப்பார். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். அப்புறம் அரசுத் தேர்வு எழுதி, பக்கத்துத் தாலுகா ஆபீசில் தட்டச்சராகச் சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அக்காதான். அப்பா அந்த மாதம் முழுக்க யாரைப் பார்த்தாலும் மழையைப் பற்றி ஆரம்பித்து அக்கா உத்தியோகத்தில் போய் முடிப்பார்.

அத்தான் தொடக்கப் பள்ளி ஆசிரியர். கல்யாணத்துக்கு முன்பே அக்கா தன் கண்ணைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டார். "ராத்திரிதானே தெரியாது, ராத்திரி நான் எங்க போகப் போறேன், வீட்லதான் இருப்பேன்" என்றாராம் அத்தான். குழந்தை இல்லை என்ற குறையை அவர்கள் இரண்டு பேரும் வெளியே பேசியது கிடையாது. என் பிள்ளைகள் இரண்டும் பாதி நாள் அத்தை வீட்டில்தான் வளர்ந்தன.

முப்பது வயதுக்கு மேல் பகலிலும் பார்வை குறைய ஆரம்பித்தது. கும்பகோணத்தில் ஒரு டாக்டர் பரிசோதித்துவிட்டு, இது விழித்திரை நோய், பரம்பரையில் வருவது, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வரும், மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். அக்கா இதை ஆபீசில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. ஆபீஸ் படிக்கட்டு, வராந்தா திருப்பம், பீரோ எல்லாம் அவருடைய காலுக்கு மனப்பாடம். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்த காலம் அது. திரையில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும். அந்த வட்டத்தை நகர்த்தி நகர்த்தி வேலை பார்த்திருக்கிறார். ஏழெட்டு வருஷம் இப்படி ஓட்டினார்.

ஒரு நாள் அவசரக் கடிதம் ஒன்றை அதிகாரி சொல்லச் சொல்ல அடித்தார். முழுப்பக்கம். அடித்து முடித்து, "ஆச்சு சார்" என்று திரும்பினார். திரையில் ஒரு வரிகூட ஏறவில்லை. நடுவில் கம்ப்யூட்டர் ஏதோ கேள்வி கேட்டு ஒரு பெட்டியைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் என்ன அடித்தாலும் ஏறாது. அந்தப் பெட்டி அக்காவின் வட்டத்துக்கு வெளியே இருந்திருக்கிறது. பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, காத்துலயா டைப் பண்ணுறீங்க?" அப்புறம்தான் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. சிரித்தவர் முகம் செத்துப் போயிற்று என்று அக்காவே பிறகு சொன்னார். முகம் தெரியாவிட்டாலும் சிரிப்பு பாதியில் அறுந்த சத்தம் கேட்டதாம்.

வேலையில் இருக்கும்போது கண் போனால் ஆளை நீக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நீக்கவில்லை. வேலையையும் கொடுக்கவில்லை. யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பவர் அந்த ஆபீசின் துணை தாசில்தார். பெயர் வேண்டாம், அவரும் இந்த மலரைப் படிப்பார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் பேசுவார். "நீங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டு உக்காருங்கம்மா, போதும். உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டோம்" என்றார். அப்படி ஒன்றரை வருஷம். மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, மேசைமேல் ஒரு காகிதம் வராது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கொடுத்து வைத்தவள் என்றார்கள். நானும் சொன்னேன். இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். "என்னக்கா, நோகாம சம்பளம் வருது. ரிடையர் ஆகுற வரைக்கும் இப்படியே ஓட்டிட வேண்டியதுதானே?" அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அவரே வந்து சொன்னார்.

"படையல்ல வச்ச சோறு மாதிரி உக்காந்திருக்கேன்டா. எல்லாரும் மரியாதையாத் தள்ளி நிக்கிறாங்க. அந்தச் சோத்தையாவது பூஜை முடிஞ்சா எடுத்துச் சாப்பிடுவாங்க. என்னைத் தொடறதுக்கே ஆள் இல்ல."

 அக்காவுக்கு வேண்டியது சம்பள உயர்வோ, இரக்கமோ, வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றலோ இல்லை. தன் மேசைமேல் ஒரு ஃபைல் வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

பஷீர் பாய் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு மிக்சியால். அய்யம்பேட்டைக்காரர். பிறவியிலேயே பார்வை கிடையாது. கும்பகோணத்தில் ஒரு வங்கியில் வேலை. மனைவியோடு என் பட்டறைக்கு வந்து மிக்சி மோட்டாரைக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய போன் என்னமோ கடகடவென்று பேசிக்கொண்டே இருந்தது. நான் ஏதோ வெளிநாட்டு ரேடியோ என்று நினைத்தேன்.

"என்ன பாஷைங்க பாய் இது?"

"தமிழ்தாங்க. என் தங்கச்சி மகன் கடுதாசி அனுப்பியிருக்கான், அதைப் படிக்குது."

"தமிழா? எனக்கு ஒரு எழுத்தும் புரியலயே."

"கொஞ்சம் வேகமா வச்சிருக்கேன். நீங்கள்லாம் கண்ணால ஒரு பக்கத்தை எப்படி மேயுவீங்க? அந்த மாதிரி நான் காதால மேயுறேன்."

இது போனில் மட்டும் இல்லை, கம்ப்யூட்டரிலும் உண்டு, திரையில் எது வந்தாலும் வாய்விட்டுப் படிக்கும் ஒரு மென்பொருள், ஸ்க்ரீன் ரீடர் என்று பெயர், தான் வங்கியில் பார்ப்பது முழுக்க அதை வைத்துத்தான் என்றார். நான் மிக்சியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். பாயின் மனைவி பயந்து போய், "மோட்டார் அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்றார். இல்லம்மா, எங்க அக்கா அதைவிட மோசமா இருக்காங்க என்றேன். அன்றைக்கே இருவரையும் என் வண்டியில் ஏற்ற முடியாமல், ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாய் வருவார். அத்தான் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். மென்பொருளுக்குக் காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "சும்மாதான் சார். கண்ணு தெரியாதவங்களே எழுதி ஊருக்கு விட்டது" என்று பாய் சொன்னதும் அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாய் செய்த முதல் காரியம் மவுஸைப் பிடுங்கி அட்டைப் பெட்டியில் போட்டது. இரண்டாவது காரியம் திரையை அணைத்தது.

"இது எரிஞ்சா கரண்ட்டு செலவுங்க அக்கா. அதுவுமில்லாம, வெளிச்சம் தெரிஞ்சா பாக்குற ஆளு பக்கத்துல வந்து நின்னு, இங்க அமுக்கு அங்க அமுக்குன்னு ஆரம்பிச்சுடுவான். இருட்டா இருந்தா ஒரு பய கிட்ட வர மாட்டான்."

அந்தக் குரல் முதலில் எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. தொண்டை கட்டிய ஆள் தகரக் குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கும். அத்தான், "இவனுக்கு ஒரு கஷாயம் வச்சுக் குடுக்கலாமா?" என்பார். அக்காவுக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் அது திரும்பச் சொல்கிறது. தப்பு அடித்தால் தப்பு என்று கேட்கிறது. கேள்விப் பெட்டி வந்து நின்றால், கேள்வியையும் படிக்கிறது. முதல் நாள் ஒரு கேள்விப் பெட்டியை அது படித்தபோது அக்கா விரலை எடுத்துவிட்டுச் சொன்னார், "அன்னிக்கு நீ எங்கப்பா போயிருந்த?" விரல்களுக்குக் கீபோர்டுக் கட்டைகள் எல்லாம் ஏற்கெனவே தெரியும். வாத்தியாரம்மாவின் துணி வேலையை முடித்து வைத்திருந்தது. மூன்று மாதத்தில் அக்கா பாயின் வேகத்தில் பாதிக்கு வந்துவிட்டார்.

துணை தாசில்தாரிடம் போய் வேலை கேட்டார். அவர் தயங்கினார். "மெஷின் பேசினா மத்தவங்க வேலை கெடும்மா." அக்கா, "ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிறேன் சார். இன்னொரு காது உங்களுக்கு" என்றார். சரி என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னார். பழைய தமிழ்க் கடிதம் ஒன்றைத் திறந்தார்கள். குரல் கன்னாபின்னாவென்று இங்கிலீஷ் எழுத்துகளாக உளறிக் கொட்டியது. அடுத்த கடிதமும் அப்படியே. துணை தாசில்தார் வருத்தத்தோடுதான் சொன்னாராம், "இதுக்குத்தாம்மா நான் சொன்னேன். நம்ம ஆபீஸ் தமிழ் இதுக்கு வராது."

அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். பாய்க்குப் போன் போட்டோம். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தக் காலத்தில் ஆபீஸ்களில் தமிழுக்குத் தனியாக ஒரு எழுத்துரு வைத்திருந்தார்கள். அது பார்வைக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து, தமிழ் முகமூடி போட்டிருக்கிறது, குரல் முகமூடிக்குப் பின்னால் இருப்பதைத்தான் படிக்கும் என்றார். யூனிகோடு என்று ஒன்று இருக்கிறது, அதில் அடித்தால் உள்ளேயும் தமிழ் வெளியேயும் தமிழ். பழசை மாற்றவும் வழி உண்டு என்றார்.

அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். பிறகு சொன்னார்: "அப்ப கண்ணு தெரியாதது எனக்கு இல்ல. அந்த ஃபைலுக்குத்தான்."

அந்த வார்த்தையை அப்படியே துணை தாசில்தாரிடமும் போய்ச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் ஜமாபந்தி வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை கிராமக் கணக்கையெல்லாம் தணிக்கை செய்து, ஜனங்களிடம் நேராக மனு வாங்கும் நாட்கள் அவை. மேட்டூர் அணையை எப்போது திறப்பார்கள் என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் காலம். வாங்கிய மனுக்களை எல்லாம் பெயர், கிராமம், சர்வே எண், என்ன கேட்கிறார் என்று பட்டியல் போட வேண்டும். இன்னொரு தட்டச்சர் பிரசவ விடுப்பில் இருந்தார். துணை தாசில்தார் அக்காவைக் கூப்பிட்டு மனுக்களின் ஜெராக்ஸ் கட்டைக் கையில் கொடுத்தார்.

"திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு என் மேசைல இருக்கணும்மா. முடியலன்னா, இந்தப் பேச்சை இதோட விட்டுடுவோம். நானும் கஷ்டப்படுத்த மாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது."

அக்கா கட்டை வாங்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் மடியில்கூட வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்ததாக அத்தான் சொல்வார்.

கையெழுத்து மனுவை அந்தக் குரலால் படிக்க முடியாது. அதனால் அத்தான் படிப்பது, அக்கா அடிப்பது என்று ஏற்பாடு. அத்தானுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்வதை எழுதுதல் நடத்திய குரல். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் அறுபது மனுவுக்கு மேல் போய்விட்டார்கள். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அத்தான் கடைக்குத் தயிர் வாங்கப் போனார். அக்கா சோறு வடிக்க உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து நான் போனேன். சுவரில் இருந்த பிளக் பாயின்ட் லூசாக இருக்கிறது, வந்து மாற்றிக் கொடு என்று அத்தான் போன வாரமே சொல்லியிருந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே நுழைந்தேன். திரை இருட்டாகக் கிடந்தது. சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்தானே என்று பிளக்கைப் பிடுங்கினேன்.

உள்ளே இருந்து அக்கா கரண்டியோடு வந்தார். ஃபேன் சத்தத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னச் சத்தம் நின்றுபோனது அவருக்கு அடுப்படியிலிருந்தே கேட்டுவிட்டது.

"என்னடா பண்ணின?"

"பிளக்கைப் பிடுங்கினேன்க்கா. திரை அணைஞ்சுல்ல கிடந்துச்சு. ஓடலன்னு நினைச்சேன்."

திரும்ப மாட்டி உயிர் கொடுத்தோம். காலையில் முதலில் ஒரு முறை சேமித்ததோடு சரி, அப்புறம் அவசரத்தில் அக்கா சேமிக்கவில்லை. ஒன்பது மனு இருந்தது. மற்றதெல்லாம் போயிற்று.  அடி விழுந்தால்கூடத் தேவலை என்று நின்றேன். அக்கா கரண்டியை மேசைமேல் வைத்தார்.

"உன் பட்டறைல ஒரு மோட்டார் ஓடுதா, நின்னு போச்சான்னு எப்படிடா கண்டுபிடிப்ப?"

"காது வச்சுத்தான்க்கா."

"அப்புறம் இதுக்கு மட்டும் ஏன்டா கண்ணை வச்ச?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்குமேல் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை திட்டியது இல்லை. முப்பது வருஷமாகக் காதை வைத்துப் பிழைக்கிறவன் நான். பேரிங் தேய்ந்ததா, காயில் கருகுமா என்று கதவுக்கு வெளியே நின்று சொல்வேன் என்று பெருமை பேசுகிறவன். இருட்டுத் திரையைப் பார்த்த அந்த ஒரு நொடியில் அக்காவை நானும் ஆபீஸ்காரர்கள் மாதிரிதான் பார்த்திருக்கிறேன்.

எனக்கும் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். அத்தான் கட்டைப் பிரித்துப் பத்தாவது மனுவை எடுத்தார். "நீங்க படிக்க வேண்டாம்ங்க. நான் அடிக்கிறேன், நீங்க சரியான்னு மட்டும் பாத்துக்கிட்டே வாங்க" என்றார் அக்கா. பத்தாவது மனு பட்டா மாறுதல், ஊர், பெயர், சர்வே எண். பதினொன்று வாரிசுச் சான்று. பன்னிரண்டு வீட்டு மனை. காலையில் ஒரே ஒரு தடவை காதில் விழுந்தது. வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். அத்தான் தாளைப் புரட்டுவதே பின்தங்கியது. கடைசியில் இரண்டே இரண்டு இடம்தான் திருத்த வேண்டியிருந்தது, ஒரு தகப்பனார் பெயரின் முதலெழுத்து, ஒரு உட்பிரிவு எண். நான் பிளக் பாயின்ட்டை மாற்றிவிட்டு, பிளக்குக்குப் பக்கத்திலேயே தரையில் காவல் உட்கார்ந்திருந்தேன். பத்து மனுவுக்கு ஒரு தடவை, "அக்கா, சேமிச்சியா?" என்பேன்.

"சேமிச்சேன்டா. உன் தொல்லைக்குப் பயந்தே சேமிக்கிறேன்."

காலையில் படிக்காமல் விட்டிருந்த மிச்சத்தை அத்தான் படிக்க, விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பட்டியல் முடிந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அது அச்சாகி அவர் மேசையில் இருந்தது; பென் டிரைவில் கொண்டு போன பிரதி அக்காவின் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஏறியிருந்தது. அதோடு முடியவில்லை. பதினோரு மணிக்கு ஒரு அம்மா வந்து, பாசன வாய்க்காலை அடைத்துவிட்டார்கள் என்று மனு கொடுத்தேனே, அது என்ன ஆயிற்று என்று கேட்டார். கட்டைப் புரட்டினார்கள், கிடைக்கவில்லை. அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நாற்றங்கால் விட வேண்டிய நேரம், தண்ணீர் வராவிட்டால் குறுவை போயிற்று. அக்கா தன் இடத்திலிருந்தே, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டு, நாலு எழுத்துத் தட்டினார். காதில் குரல் ஏதோ முணுமுணுத்தது. "நாப்பத்தி ஏழாவது மனு சார். பக்கத்துக் கிராமத்துக் கட்டுல மாறி இருக்கும், பாருங்க" என்றார். இருந்தது.

அந்த அம்மா போன பிறகு துணை தாசில்தார் எழுந்து வந்தார். ஒரு ஃபைலைக் கொண்டு வந்து அக்காவின் மேசைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே கனமான ஃபைல் என்று தெரிந்ததாம்.

"இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா."

"பாக்குறேன் சார்."

அந்த இரண்டு வார்த்தையை அக்கா அன்று சாயங்காலம் எனக்குச் சொல்லிக் காட்டிய விதம் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. கேட்டவர்கள் இங்கே பல பேர் இருக்கிறீர்கள்.

அதற்கப்புறம் ஓய்வு பெறும் நாள் வரை அந்த மேசை காலியாக இருந்ததில்லை. பழைய கடிதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக யூனிகோடுக்கு மாற்றினார். உதவியாளராகப் பதவி உயர்ந்தார். மற்றவர்கள் எல்லாம் ஒரு பழைய கடிதம் வேண்டுமென்றால் பீரோவுக்குப் போக மாட்டார்கள், அக்காவிடம் வருவார்கள். காற்றிலா டைப் அடிக்கிறீர்கள் என்று கேட்ட அதே நண்பர்தான் கடைசி ஆறு வருஷம் தினமும் அக்காவைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டு வந்து விட்டவர். பிரிவு உபசார விழாவில் அவர்தான் அதிகமாக அழுதார். அக்கா, "ஏன் சார், இப்ப நீங்க காத்துல பேசுறீங்க, ஒண்ணும் புரியல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

அக்காவிடம் குறையே இல்லை என்று சொன்னால் அவரே எழுந்து வந்து மறுப்பார். முன்கோபம் உண்டு. நாற்காலியை யாராவது ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டால் வீடு இரண்டுபடும். பாவம் என்ற சொல்லை எவர் சொன்னாலும் அன்றைக்கு அவருக்குக் காபி கிடையாது. இணையத்தில் ஏதாவது விண்ணப்பத்தில் பெயர் வைக்காத பொத்தான் இருந்தால் குரல் வெறுமனே பட்டன், பட்டன் என்று சொல்லும், எதற்கான பட்டன் என்று தெரியாது. உடனே அந்த அலுவலகத்துக்குக் கடிதம் போகும். "தங்கள் பொத்தானுக்கு ஒரு பெயர் வைக்கவும். பெயர் இல்லாதவரை நான் எப்படிக் கூப்பிடுவது" என்று எழுதுவார். பத்துக் கடிதத்துக்கு ஒன்று பதில் வரும். ஒரு தடவை ஒரு இடத்தில் நிஜமாகவே பெயர் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் பாயசம்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கே ஆட்கள் கற்றுக்கொள்ள வந்தார்கள். வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருக்கும் ஒரு தங்கை, சர்க்கரை நோயில் கண் போனவர், வாரம் ஒரு நாள் இரண்டு பஸ் மாறி வருவார். அக்காவின் முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். "முதல்ல அந்தத் திரையை அணைம்மா." ஒரு நாள் அந்தத் தங்கை, எனக்கு இனிமே எதுவும் வராதுக்கா என்று சொல்லியிருக்கிறார். "வராதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ இன்னும் கேக்கவே இல்லையே" என்று அக்கா ஹெட்போனை எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டாராம். இன்றைக்கு அவர் கடைக்கு வரும் ஆர்டர் எல்லாம் அவரே கம்ப்யூட்டரில் பார்க்கிறார்.

குரலின் வேகம் மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் பஷீர் பாயே, "அக்கா, இதை என்னால பிடிக்க முடியல" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அக்காவுக்கு அதில் இருந்த பெருமை அரசாங்கம் மாலை போட்டிருந்தால்கூட இருந்திருக்காது.

போன வருஷம் இதய வீக்கம் என்று தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பதினொரு நாள். முதல் நாள் நர்ஸ் அத்தானைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன வயசு, எங்க வலிக்குதாம்?" என்று கேட்டார். அக்கா படுக்கையிலிருந்து சொன்னார், "கண்ணுதாம்மா போச்சு. நான் இங்கதான் இருக்கேன், என்னையே கேளு." அன்றிலிருந்து அந்தப் பெண் ஷிஃப்ட் மாறிப் போகும்போதுகூட அக்காவிடம் சொல்லிக்கொண்டுதான் போவார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அன்று காலையில், வாசலில் கார் நிற்கும்போது அக்கா என்னிடம் ஒன்று சொன்னார். "வீட்டு மோட்டார் சத்தம் மாறியிருக்குடா. பேரிங் போகப் போவுது, பாரு." நான் போட்டுக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு, நீ முதல்ல கார்ல ஏறு என்றேன். அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் அந்த மோட்டார் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தேன். பேரிங்தான். முப்பது வருஷத் தொழில்காரன் காதுக்குக் கேட்காதது அவருக்குக் கேட்டிருக்கிறது. அழுகை அதுவரை வராதவனுக்கு, கையில் கிரீஸோடு உட்கார்ந்து அன்றுதான் வந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்குக் கொடுத்த பஷீர் பாய்க்கும், இவர் இல்லாமல் வீட்டில் இருந்த அவர் மனைவிக்கும். முதலில் நாற்காலி கொடுத்து, பிறகு ஃபைல் கொடுத்த துணை தாசில்தார் அவர்களுக்கு. முதலாவதற்கும் சேர்த்துத்தான் நன்றி, அது இல்லாவிட்டால் அக்காவுக்கு இவ்வளவு ரோஷம் வந்திருக்காது. பஸ் நிறுத்தம் வரை துணை வந்த நண்பருக்கு. அக்கா ஏறும்வரை விசில் கொடுக்காமல் காத்திருந்த கண்டக்டர்களுக்கு. தஞ்சாவூர் டாக்டர்களுக்கும் அந்த நர்ஸ் பெண்ணுக்கும். பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைத் தங்கள் வீட்டு அடுப்பாக நினைத்துச் சமைத்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. மனு படித்த குரலில் இன்றும் தினமும் அக்கா படத்துக்கு முன்னால் செய்தித்தாள் படிக்கும் எங்கள் அத்தானுக்கு.

இந்தக் கட்டுரையை அக்காவின் கம்ப்யூட்டரில்தான் அடித்தேன், ஒற்றை விரலால். திரையைப் போட்டுப் பார்த்தோம், எரியவில்லை. இத்தனை வருஷம் யாரும் போடாததால் அதுவே செத்துக் கிடந்திருக்கிறது. புதுசு வாங்கலாமா என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் குரல் சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் அடித்தேன். அக்கா வைத்திருந்த வேகத்தில் முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. குறைக்கிற வழியைப் பாய் போனில் சொல்லிக்கொடுத்தார்; கேட்டுக்கொண்டேன், குறைக்கவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. இப்போது பத்து வார்த்தைக்கு மூன்று பிடிபடுகிறது.

அச்சடித்த மலர் உங்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது. அக்காவுக்கு இந்தக் காகிதத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் அவர் பங்குக்கு இதை அவர் கம்ப்யூட்டரிலேயே, யூனிகோடில் வைத்திருக்கிறேன். முழுக்க ஒரு தடவை அவர் வேகத்திலேயே படிக்க விட்டேன். நாலே நிமிஷத்தில் முடிந்தது. முடிந்ததும் சேமித்தேன். சேமித்துவிட்டாயா என்று என்னையே கேட்டுக்கொண்டு, சேமிக்கும் பொத்தானைத் திரும்ப ஒரு தடவை தட்டினேன். சேமிக்கப்பட்டது என்று குரல் சொன்னது. பிறகு கம்ப்யூட்டரை மூடச் சொல்லிக் கட்டளை கொடுத்து, காதை வைத்து, உள்ளே ஓடும் சத்தம் தானாக நிற்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பிளக்கில் கை வைத்தேன்.